எல்எஸ்டி-325: ஒரு சரக்குச் சுமையாளின் போர்க்காலம்

ஜூன் 5, 2024

பிரான்சின் நார்மண்டிக் கரையில் 1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் இறங்கியதன் 80ஆம் ஆண்டு நெருங்குவதால், எல்லோரும் பேசும் பெரிய போர்க்கப்பல்களை விட்டுவிட்டு, டாங்கிகளைக் கரையில் இறக்கிய கப்பல் ஒன்றைப் பற்றி வாசித்து வருகிறேன். அமெரிக்கக் கடற்படையின் எல்எஸ்டி-325 (எல்எஸ்டி என்பது ‘லேண்டிங் ஷிப், டாங்க்’, அதாவது டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல்) பிலடெல்பியாவில் கட்டப்பட்டு, 1943 பிப்ரவரி 1 அன்று பணியில் சேர்ந்தது. 328 அடி நீளமுள்ள கப்பலுக்கு வேகம் மணிக்குச் சுமார் 12 கடல் மைல்தான். எல்எஸ்டி என்றால் ‘லார்ஜ் ஸ்லோ டார்கெட்’, அதாவது ‘பெரிய, மெதுவான இலக்கு’ என்று மாலுமிகளே இவ்வகைக் கப்பலைக் கேலி செய்ததில் வியப்பில்லை. அந்த ஆண்டே சிசிலியின் ஜெலாவிலும் இத்தாலியின் சலேர்னோவிலும் படையிறக்கத்தில் பங்கேற்றது.

ஜூன் 7

1944இல் இதே நாளில், 59 வண்டிகளையும் 30 அதிகாரிகளையும் 396 வீரர்களையும் சுமந்துகொண்டு நார்மண்டியின் ஒமாகா கடற்கரையை வந்தடைந்தது. திரும்பும்போது காயமுற்ற 38 பேரை இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது.

ஜூன் 12

1944 ஜூன் 12 அன்று எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓதம் வடிந்த மணலில் எல்எஸ்டி-325உம் எல்எஸ்டி-388உம் அருகருகே நிற்கின்றன. வழக்கமாக நீருக்குள் மறைந்திருக்கும் புரொப்பல்லர்களும் சுக்கான்களும் வெட்டவெளியில் தெரிகின்றன. தரை தட்டுவது வேறெந்தக் கப்பலுக்கும் விபத்து, இதற்கோ அன்றாட வேலை. நடுக்கடலில் நீர்த்தொட்டிகளை நிரப்பி ஆழமாக மிதந்து, கரையை நெருங்கும்போது அந்நீரை வெளியேற்றி மேலெழுந்து, தட்டையான அடிப்பகுதியால் மணலில் ஏறிக்கொள்ளும். முகப்புக் கதவுகள் திறந்து சாய்தளம் இறங்கியதும் வண்டிகள் தாமாகவே ஓடி வெளியேறலாம். படத்தில் கப்பலின் பின்புறம் காணப்படும் நங்கூரத்துக்கும் இதில் பங்குண்டு: கரையேறுவதற்கு முன்பே கடலில் போட்டுவிட்டு வரும் அந்த நங்கூரத்தின் வடத்தை வின்ச்சால் சுற்றியிழுத்துத்தான் கப்பல் மணலிலிருந்து விடுபடும். அதே தட்டை அடிப்பகுதியால் அலைகடலில் அது படாதபாடு பட்டதும் உண்மை.

ஜூன் 16

1945 ஏப்ரல் வரை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 40க்கும் மேற்பட்ட பயணங்கள். செய்ன் ஆற்றின் வழியே ரூவன் நகர் வரை சென்றிருக்கிறது. 1944 டிசம்பர் 28 அன்று எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பல் பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் மூழ்கியபோது, அதிலிருந்த ஏறக்குறைய 700 பேரை மீட்பதில் எல்எஸ்டி-325 உதவியது. ஜூன் 6 அன்று ஒமாகாவைத் தாக்கிய முதல் அணிகளுள் சிலவற்றைச் சுமந்து சென்றதும் அதே எம்பயர் ஜாவலின்தான். இம்மீட்புக்காக 325இன் தளபதிக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. நான் வாசித்த வரலாறுகளோ அந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன, அது எனக்கு நியாயமாகப் படவில்லை.