சூடானால் கரகரக்கும் வால்வு ஆம்ப்: நாட்குறிப்பு

மே 9, வெள்ளி

இன்றும் அதே கதைதான். ஆன் செய்ததும் மணி மாதிரி பேசுகிற என் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கால் மணி நேரம் போனதும் தொண்டை கட்டிவிடுகிறது. தனி நோட் ஓரளவு தாங்குகிறது, ஆனால் தடித்த ஈ கம்பியும் சேர்ந்து ஒரு கார்டு விழுந்தால் உடனே கரகரப்பு, கூடவே முன்னால் இல்லாத ஒரு உறுமலும். இது 1950களின் ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 சர்க்யூட், சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வாக ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3, அவ்வளவுதான். வால்யூமை முழுக்கத் திருகினால் இது உடைந்துதான் பாடும், அந்தச் சத்தத்துக்காகவே இதைக் கட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு இப்போது வருவதோ வால்யூம் மூன்றில் வருகிறது.

கிட்டார் வயர், ஸ்பீக்கர், 12ஏஎக்ஸ்7 எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் யாரும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

மே 10, சனி

பெரம்பூர் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். இந்த ஆம்பில் பாதி சாமான் அவருடைய பழைய டப்பாவிலிருந்து வந்ததுதான். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "பவர் வால்வு கிரிட்ல வோல்ட் பாத்தியாடா? மொதல்ல அதப் பாரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். "செட்டு சூடாகட்டும், சூடான பிறகு பாரு" என்று இன்னொரு தடவையும் அழுத்திச் சொன்னார்.

பார்த்தேன். 6வி6 வால்வின் 5ஆம் பின்தான் கிரிட், சிக்னல் நுழைகிற முனை, அங்கே டிசி பூஜ்யம் இருக்க வேண்டும். ஆன் செய்த புதிதில் பூஜ்யம்தான், எலக்ட்ரான் புறப்படுகிற கேத்தோடில் 19 வோல்ட். கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம், அப்படியென்றால் 40 மில்லி ஆம்பியர், இந்த சர்க்யூட்டுக்கு அது வழக்கமான கணக்கு. அப்புறம் மீட்டரை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்னி நட்சத்திர வெயில், ஃபேன் காற்றே சுடுகிறது. கிரிட் ஒரு வோல்ட், மூன்று, ஏழு என்று ஏறி பிளஸ் 12இல் நின்றது. கேத்தோடு 29. கிரிட் பிளஸ் பக்கம் போகப் போக வால்வு கூடுதல் கரண்ட் இழுக்கும், இப்போது 62 மில்லி ஆம்பியர். எலக்ட்ரான் போய்ச் சேருகிற பிளேட் 305 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, அப்படியும் வால்வு கிட்டத்தட்ட 17 வாட் தின்கிறது, பழைய 6வி6ஜிடி வால்வுக்கு பிளேட்டில் 12 வாட்தான் அனுமதி. ரூம் லைட்டை அணைத்துப் பார்த்தால் பிளேட்டின் தையல் ஓரத்தில் மங்கலான சிவப்புக் கோடு. உடனே ஆஃப் செய்தேன்.

இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ஆஃப் செய்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கலாம். ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். ஆனில் இருக்கும்போது அளந்தால் ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

மே 11, ஞாயிறு

கிரிட்டில் பிளஸ் வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. வால்வே கெட்டு கிரிட் கரண்ட் இழுக்கலாம், இல்லையென்றால் முன் ஸ்டேஜின் பிளேட்டையும் இந்த கிரிட்டையும் இணைத்து, டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடவேண்டிய கப்ளிங் கண்டன்சர் கசியலாம். கண்டன்சரின் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி சூடாக்கினேன். அரை மணி நேரம் ஆகியும் கிரிட் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. வால்வின் மேல் குற்றமில்லை.

கணக்கும் ஒத்துப்போகிறது. 220 கே (கிலோ ஓம்) கிரிட் ரெசிஸ்டரில் 12 வோல்ட் என்றால் சுமார் 54 மைக்ரோ ஆம்பியர், முன் ஸ்டேஜ் பிளேட் 175 வோல்ட், ஆக கண்டன்சர் கிட்டத்தட்ட 3 மெகா ஓம் ரெசிஸ்டராக மாறிவிட்டது. மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டன்சர் அது. குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் வைத்தால் கசிவே தெரியாது, கெபாசிட்டன்ஸ்கூட எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் காட்டுகிறது. சூடும் 175 வோல்ட்டும் சேர்ந்தால்தான் அதன் குணம் வெளியே வருகிறது. பழைய பேப்பர் கண்டன்சரில் தனி இனிமை இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் பவர் வால்வு கிரிட்டுக்கு முன்னால் அதை வைக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

மே 12, திங்கள்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு, ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 0.022 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன், சிலதை வாங்கி வந்தேன். முதல் ஸ்டேஜில் இருந்த பேப்பர் கண்டன்சரையும் மாற்றிவிட்டேன். வால்யூம் திருகும்போது ஸ்பீக்கரில் வந்த 'சர்ர்' அதோடு போயிற்று, வால்யூம் கன்ட்ரோலில் டிசி ஏறியிருந்திருக்கிறது.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் கிரிட் பூஜ்யம், கேத்தோடு 19.3. முழு கார்டு அடித்தாலும் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. உறுமலும் அடங்கிவிட்டது.

மே 14, புதன்

உச்ச நோட்டுகளின் மேல் மெல்லிய மணல் உரசல் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. கிரிட் வயரை மரக்குச்சியால் நகர்த்தினால் அது மாறியது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வயர் அதன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்து, கிரிட்டுக்கு முன்னால் இருக்கிற 1.5 கே ரெசிஸ்டரை சாக்கெட்டின் 5ஆம் பின்னிலேயே ஒட்டிப் பற்றவைத்தேன், போயிற்று. பெரியப்பாவுக்கு போனிலேயே வாசித்துக் காட்டினேன், "கீழ் கம்பிய இன்னொரு வாட்டி அடி" என்றார்.

பாக்கி, வால்வை உள்ளிருந்து சூடாக்குகிற ஹீட்டர்தான். டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது, எங்கள் தெருவில் ராத்திரி 242 வருகிறது, அதனால் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.9. 12ஏஎக்ஸ்7, 6வி6 இரண்டும் சேர்ந்து முக்கால் ஆம்பியர் இழுக்கும், ஹீட்டர் வயர் இரண்டிலும் ஆளுக்கொரு 0.39 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் போட்டால் 6.3 பக்கம் வந்துவிடும். சனிக்கிழமை போடுகிறேன்.