உதிரிக்கல் சரிவில் ஹெல்மெட்

மலையேற்றக் குழுக்களைக் கூட்டிப் போவது என் வேலை. கயிறு கட்டி ஏறும் பாறை என்றால் ஹெல்மெட் போட யாரும் தயங்குவதில்லை. பேச்சு வருவதெல்லாம் கயிறு இல்லாமல், கையையும் காலையும் ஊன்றி ஏறுகிற உதிரிக்கல் சரிவில்தான். "இங்கே விழுந்தால் சிராய்ப்புதானே ஆகும்?" என்பார்கள்.

ஆனால் அங்கே நான் அதிகம் பயப்படுவது மேலே போகிறவரின் காலடியை நினைத்துத்தான். அவர் எவ்வளவு பார்த்து மிதித்தாலும் சரி, அவர் எடையைத் தாங்கிய கல்லே அடுத்தவர் கால் பட்டதும் கிளம்பிவிடும். ஆள் யாரும் மிதிக்காமலும் கல் வரும். விரிசலில் புகுந்த தண்ணீர் இரவில் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து பாறையை நெம்பி வைத்திருக்கும். காலை வெயிலில் அந்தப் பனி இளகினால் கல் இறங்க ஆரம்பிக்கும்.

அரைக் கிலோ கல் ஒன்று 20 மீட்டர் தடையில்லாமல் விழுந்தால் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். மலையேற்ற ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12492, 5 கிலோ எடையை 2 மீட்டர் மேலிருந்து உச்சியில் போட்டுச் சோதிக்கச் சொல்கிறது. இரண்டு மோதலுக்கும் ஆற்றல் ஒன்றுதான். அதைவிடப் பெரிய கல்லுக்கு ஹெல்மெட்டை மட்டும் நம்ப முடியாது. அதனால் குறுகலான பாறை இடுக்கில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவரை விடமாட்டேன். ஒருவர் ஏறி முடிக்கும்வரை மற்றவர்கள் பக்கவாட்டில் பாறை மறைவில் நிற்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் எல்லோரும் ஒட்டியே ஏற வேண்டும். அப்போது பெயர்கிற கல் வேகம் பிடிப்பதற்குள் கைக்கு எட்டிவிடும்.

கட்டட வேலை ஹெல்மெட்டோடு வருகிறவர்களும் உண்டு. அதையும் அனுமதிப்பதில்லை. எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கக் கூடாது என்று அதன் தாடைவார் ஓரளவு இழுப்புக்கே விட்டுவிடும்படி செய்திருப்பார்கள். சரிவில் உருள நேர்ந்தால் முதல் மோதலிலேயே அது தனியாகப் போய்விடும்.

ஒருமுறை "கல்!" என்று மேலிருந்து சத்தம் வந்தது. எனக்கு அடுத்து நின்ற பெண் அண்ணாந்து பார்க்காமல், சொல்லிக்கொடுத்தபடி முகத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளிஓட்டில் நகக்கீறல் அளவுக்குத்தான் தடம் இருந்தது. உள்ளே மெத்தைத் துணியை உரித்துப் பார்த்தால், வெள்ளை நுரையில் காதோரத்திலிருந்து உச்சிவரை விரிசல். கீழே வந்ததும் அதன் வாரை வெட்டிவிட்டேன். இல்லாவிட்டால், பார்வைக்கு நன்றாக இருக்கிற ஹெல்மெட்டை யாராவது எடுத்து மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.

இப்போதெல்லாம் சரிவு தொடங்குவதற்கு முன்பே, சமதரையில் நிறுத்தி மாட்டச் சொல்கிறேன். பாதி ஏறிய பிறகு பையை இறக்கி ஹெல்மெட்டைத் தேடவே நிற்க இடம் இருக்காது. அப்புறம், இறங்கி முடித்ததும் அடிவாரத்திலேயே கழற்றவும் விடுவதில்லை. அங்கே கிடக்கும் கற்களில் பல, உடைந்த முகம் வெளுத்து, பாசி படியாமல் இருக்கும். அண்மையில் விழுந்தவை. அவற்றைக் காட்டி, அந்தக் கற்பரப்பைத் தாண்டும்வரை நடக்க வைக்கிறேன். சாப்பாட்டுப் பையைப் பிரிப்பதும் அதற்கு அப்புறம்தான்.