வண்டிச் சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால்?

இங்கிலாந்தில், இப்ஸ்விச் என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். மதியம் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்தவள் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எலுமிச்சைச் சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல மனசுக்காரிதான். சாப்பிட்டுவிட்டு, "உங்கள் ஊரில் இன்னும் மாட்டுவண்டி ஓடுகிறதா?" என்று கேட்டாள்.

சுருக்கென்றது. மெட்ரோ ரயில், மங்கள்யான், அது இது என்று ஒரு பட்டியலே வாசித்தேன். அம்பாசமுத்திரத்தில் மெட்ரோ இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாசித்து முடித்து நிமிர்ந்தால், அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம். ஓடைத் தண்ணீருக்குள் ஒரு கட்டை வண்டி நிற்கிறது. பூட்டியிருந்தது குதிரைகள். மற்றபடி வண்டி வண்டிதான்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் அந்த வண்டி வந்து நின்றது. பிஸ்கட் டின் மூடியில், தேநீர்த் தட்டில், பழைய சாமான் கடையில் ஒரு பவுனுக்குக் கிடந்த ஆயிரம் துண்டுப் புதிர்ப் பெட்டியில். ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த 'தி ஹே வெயின்'. நம் கணக்கில் வைக்கோல் வண்டி. இந்த நாட்டுக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற படம் ஒரு கட்டை வண்டிப் படம், ஆனால் கேள்வி மட்டும் என்னிடம்!

படத்தில் இருக்கிற இடம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட ரயில், அப்புறம் ஒரு நடை என்று தெரிந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு மேனிங்ட்ரீயில் இறங்கினேன். அங்கிருந்து படத்தில் இருக்கிற ஃபிளாட்ஃபோர்டுக்கு இரண்டு மைல் இருக்கும். ஸ்டவர் ஆற்றங்கரையோடு போகிற பாதை. புல்வெளியில் மாடுகள் வழியை மறித்துக்கொண்டு படுத்திருந்தன. கூட வந்த வெள்ளைக்காரக் குடும்பம் தயங்கி நின்றது. நான் "ஹை, ஹை" என்றேன். அந்த ஊர் மாட்டுக்கும் தமிழ் புரிந்தது, எழுந்து போயிற்று. வந்த மூன்று வருடத்தில் என் தாய்மொழி வெளியே வேலைக்கு ஆனது அன்றைக்குத்தான்.

ஆற்றைப் பார்த்ததும் ஏமாற்றம். இதுவா ஆறு? கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாயைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை வாய்க்கால் என்று சொல்லத்தான் நாக்கு வந்தது. அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன்.

"ஏட்டி, இந்தத் தண்ணியப் பாக்கவா ரயில் ஏறிப் போன? தாமிரபரணிய விட்டுட்டு?"

"படம் வரைஞ்ச இடம்மா. உலகம் பூரா தெரிஞ்ச படம்."

"வண்டி எங்க நிக்கி?"

வண்டி இல்லை. வீடு இருந்தது. படத்தின் இடது பக்கம் இருக்கிற, வில்லி லாட் என்ற விவசாயி குடியிருந்த வீடு, வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக அப்படியே நிற்கிறது. வண்டி நின்ற இடத்தில் இரண்டு வாத்து. இருநூறு வருடத்துக்கு முந்தைய வண்டியைத் தேடினது என் தப்புதான், ஆனாலும் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர் தன் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வண்டி ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம். குதிரைக் காலைக் குளிரவைக்க இருக்கலாம், சக்கரத்து மரத்தை ஊறவைக்க இருக்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் என்ன 'இருக்கலாம்'? சித்திரை வெயிலில் மரம் வற்றும். சக்கரத்து விளிம்பு மரமான வட்டைக்கும் ஆரக்காலுக்கும் நடுவே இடைவெளி விழும். இரும்புப் பட்டா லொடலொட என்று ஆடும், விட்டால் ரோட்டில் தனியாக உருண்டு ஓடும். அதனால் தாத்தாவுடைய வண்டிக்காரர் சாயங்காலம் வண்டியை அப்படியே ஆற்றில் இறக்கி நிறுத்திவிடுவார். மரம் தண்ணீர் குடித்து உப்பி, பட்டாவை இறுக்கிக்கொள்ளும். அதுவரை மாடுகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். நாங்கள் வண்டியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருப்போம். மேற்கே பொதிகை மேல் மேகம் இறங்கியிருக்கும். மில்லிலிருந்து நெல் அவிக்கிற வாசனை வரும்.

இதை அந்தப் பெரியவரிடம் என் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். வட்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் பாதியில் நின்றேன். கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். "ஓ, லவ்லி," என்றார். கடைசியில் எல்லாம் 'லவ்லி'யில்தான் முடிகிறது.

கான்ஸ்டபிள் பிறந்தது அங்கேயே, ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில், 1776-இல். அப்பா தானிய வியாபாரி, ஃபிளாட்ஃபோர்டு ஆலை அவருடையது. ஆலைக்காரர் மகனுக்கு ஆலை மதகில் தண்ணீர் விழுகிற சத்தம், உளுத்த பலகை, பாசி வழுக்கும் கட்டை, செங்கல் சுவர் என்றால் உயிர். ஒரு நண்பருக்கு அப்படித்தான் கடிதம் எழுதியிருக்கிறார். கடல் தாண்டி எங்கேயும் போகாத மனுஷன். அவர் வரைந்த ஊர்ப்பக்கத்துக்கு அவர் காலத்திலேயே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை கோச் வண்டியில் டெடம் பள்ளத்தாக்கு வழியாகப் போகும்போது, இடம் அழகாக இருக்கிறது என்று இவர் சொல்ல, கூட வந்தவர் "ஆமாம், இது கான்ஸ்டபிள் நாடு" என்றாராம். அந்த ஆள் மேலே ஏதாவது பேசிக் கெடுப்பதற்குள், நான்தான் அது என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. இந்தப் படத்தை அவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரையவில்லை. அப்போது அவர் குடியிருந்தது லண்டனில். பெண்டாட்டி, பிள்ளைகள், பிழைப்பு எல்லாம் அங்கே. பழைய ஸ்கெட்சுகளை வைத்துக்கொண்டு, ஆறடி அகலக் கித்தானில் ஊரை அங்கிருந்தே வரைந்தார். வரைந்துகொண்டே போனவருக்கு வண்டி சரியாக வரவில்லை. ஊரில் ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஆப்ரம் மூலமாக, ஜானி டன்தோர்ன் என்ற பையனை ஒரு வண்டியைப் பார்த்து வரைந்து அனுப்பச் சொன்னார். அந்தப் பையன் குளிரில் நின்று வரைந்து கொடுத்தானாம். நாம் வாட்ஸ்அப்பில் "வாசல் நடையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்கிறோமே, அதேதான்.

இவ்வளவு பாடுபட்டு லண்டனில் மாட்டினால் யாரும் வாங்கவில்லை. 1824-இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த்தான் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஊர்க்காரன் அருமை வெளியூருக்குத்தான் தெரியும் என்று எங்கள் ஆச்சி சொல்வாள்.

வில்லி லாட்டை நினைத்தால்தான் பொறாமையாக இருக்கிறது. எண்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் வாழ்ந்தாராம், முழுசாக நாலு நாள்கூட வெளியே தங்கியதில்லை என்று சொல்வார்கள். இப்போது அவர் வீட்டு வாசலில் உலகமே வந்து நின்று படம் எடுக்கிறது. நானும் எடுத்தேன். பையனை முன்னால் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி.

எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது. எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டி என்று கேட்காமலே தெரியும். மழையில் குடையில்லாமல் நடக்கிறேன். என் காலை யாராவது மிதித்தால் நானே சாரி சொல்கிறேன். அன்றைக்கு டீக்கடையில் ஸ்கோனுக்கு முதலில் ஜாமா கிரீமா என்பதில்கூட எனக்கென்று ஒரு கட்சி இருந்தது. ஆனால் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது வாழையிலை வாசனைக்குப் பதில் அலுமினியத் தாள் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் பையனுக்கு வீட்டுப்பாடம். பார்த்த இடத்தைப் படமாக வரைய வேண்டும். ஆறு போட்டான், வெள்ளை வீடு போட்டான், வண்டியில் குதிரைக்குப் பதில் கொம்போடு இரண்டு மாடு பூட்டினான். மாட்டுவண்டியை அவன் நேரில் பார்த்ததே இல்லை. சக்கரம் போட்டுவிட்டு, "அம்மா, உங்க வண்டியில இந்தக் குச்சி எத்தனை இருக்கும்?" என்றான்.

வாயைத் திறந்தேன். எட்டா, பத்தா, பன்னிரண்டா? மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் காதில் இருக்கிறது. தார்க்குச்சியின் வழவழப்பு கையில் இருக்கிறது. ஆரக்கால் மட்டும் எண்ணிக்கைக்கு வர மாட்டேன் என்கிறது.

ஊரில் நடுராத்திரி ஆகியிருக்கும். இருந்தாலும் தம்பிக்கு ஒரு செய்தி போட்டு வைத்தேன். காலையில் எழுந்தால் பதில் வந்திருந்தது. மாட்டுத்தொழுவச் சுவரில் சாய்த்துவைத்த ஒற்றைச் சக்கரம், மேலே பீர்க்கங்கொடி படர்ந்திருக்கிற போட்டோ. அதற்குக் கீழே:

"பன்னெண்டுக்கா. ஒண்ணு ஒடிஞ்சிருக்கு. எதுக்கு கேக்க?"