கிப்பர் குளிரில் கேமரா: ஆபத்து அறைக்குள்தான்

இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கின் கிப்பர் கிராமம் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பனிச்சிறுத்தையைப் படமெடுக்க ஆட்கள் போகும் பிப்ரவரியில், விடியற்காலை வெப்பம் மைனஸ் 20 வரை இறங்கும். பெரும்பாலான கேமராக் கையேடுகள் 0 டிகிரி வரைதான் உறுதி தருகின்றன. ஆனாலும் வறண்ட குளிரைக் கேமரா தாங்கிவிடுகிறது. கெடுவது மாலையில், அடுப்பு எரியும் அறைக்குள் நுழையும்போது.

அறையில் 15 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் என்றால், 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். லென்ஸின் வெளிக்கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். உள்ளே, சென்சார் பக்கமும் மின்சுற்றிலும் படிவதுதான் துருவுக்கும் பூஞ்சைக்கும் வழி.

செய்து பார்த்ததில் நிலைத்த முறை இது. வாசலுக்கு வெளியே நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றி உள்சட்டைப் பையில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் படம் பார்க்கும் ஆவலில், கேமராவை மூடி வைக்கும் உறையை நேரத்துக்கு முன்பே திறந்துவிடுவோம். அங்கேயே கேமராவை ஜிப் லாக் பிளாஸ்டிக் உறையில் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடவும். உள்ளே மிஞ்சுவது வெளியிலிருந்த வறண்ட காற்று என்பதால், நீர் உறையின் மேல்தான் படியும். உறையோடு கேமராப் பையில் வைத்து அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால், அறை வெப்பத்துக்கு வரச் சிறு கேமராவுக்கு 2 மணி நேரம், 600 மி.மீ. லென்ஸுக்கு 4 மணி நேரமாவது ஆகும். பெரிய லென்ஸ் ஜிப் லாக்கில் அடங்காது. தடித்த குப்பைப் பையில் போட்டு வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கூடவே இருக்கலாம், ஆனால் உறைக்கு அது மாற்றல்ல. அது ஈரத்தை உறிஞ்சுவதற்குள், நீர் சில நிமிடங்களிலேயே படிந்துவிடும்.

மறுநாள் காலையும் வெளியேதான் வேலை என்றால் இத்தனையும் வேண்டாம். அடுப்பில்லாத சாமான் அறையிலேயே கேமரா இரவு முழுக்க இருக்கட்டும். எங்கள் முதல் தேர்வு அதுதான். காலையில் சூடான கேமராவின் மேல் பனி விழுந்து உருகி மறுபடி உறையும் தொல்லையும் இதனால் இல்லை.

பேட்டரி மட்டும் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். குளிரில் உள்மின்தடை கூடுவதால், பாதி சார்ஜ் இருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். பேட்டரி தீர்ந்துவிடவில்லை, உடம்புச் சூட்டில் வைத்தால் மீண்டும் ஓடும். ஒன்று கேமராவில், இரண்டு சட்டைக்குள் என்று மாற்றி மாற்றிப் போடலாம். சில்லிட்ட பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டக் கூடாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

லென்ஸில் விழுந்த பனித்துகளை வாயால் ஊத வேண்டாம், மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்து படலமாகிவிடும். காற்றடிக்கும் ரப்பர் பம்ப் போதும். டிரைபாட் கால்களை மடக்கும் முன் பூட்டுகளைத் துடைக்கவும். உள்ளே நீர் உறைந்து இறுகிவிட்டால் பலங்கொண்டு முறுக்காமல், கொஞ்ச நேரம் சூடான அறையில் வைத்துத் திறக்கவும்.