ஸ்காபரோ வசந்தத்தில் அரை மரதன் பயிற்சி: இரவு ஒன்பது மணிக் கணக்கு

மே முதல் ஞாயிறு ரொறன்ரோ மரதன். அதில் அரை மரதனுக்கான பயிற்சி இந்தமுறை ஏப்ரல் மூன்றாம் கிழமை வரைக்கும் உடையாமல் வந்திருக்கிறது. வேகம் பெரிதாகக் கூடவில்லை, தூரமும் பழைய தூரம்தான்: கிழமைக்கு நாலு ஓட்டம், எல்லாம் சேர்த்து 40 முதல் 48 கிலோமீற்றர். ஆனால் நீண்ட ஓட்டம் ஒன்றும் தவறவில்லை, வீட்டில் முகம் சுழிப்பும் இல்லை. பிள்ளைகுட்டியோடு இங்கே, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், மார்ச், ஏப்ரலில் பயிற்சி செய்கிற ஆட்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாற்றியது ஒரு விஷயம்தான். செவ்வாய் ரெம்போ (மூச்சு வாங்கும், ஆனால் விடாமல் தாக்குப்பிடிக்கிற வேக ஓட்டம்), வியாழன் இலகு என்று ஓட்டங்களை நாட்களில் கட்டிப்போடுவதை விட்டாயிற்று. இப்போது வரிசை மட்டும்தான் சட்டம்: நீண்டது, இலகு, ரெம்போ, இலகு. நீண்டதுக்கும் ரெம்போவுக்கும் இடையில் குறைந்தது 48 மணித்தியாலம். எந்த நாள் எது என்பது முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் தீரும். நீண்ட ஓட்டம் மட்டும் சனிக்கிழமையில் அசையாமல் நிற்கிறது. அதற்குக் காரணம் தமிழ் வகுப்பு, பிறகு சொல்கிறேன்.

இரவு ஒன்பது மணியை எடுத்ததற்கும் காரணம் உண்டு. அந்த நேரம் பிள்ளைகள் படுத்துவிடுவார்கள், அடுத்தநாள் யார் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, யாருக்கு வேலை வெள்ளன என்பது பேசி முடிந்திருக்கும். காலநிலை எதிர்வுகூறலும் எட்டுப் பத்து மணித்தியாலத்துக்கு என்றால் ஓரளவு நம்பலாம். ஞாயிற்றுக்கிழமையே வியாழனுக்குத் திட்டம் போடுவது ஏப்ரலில் வீண்வேலை. 2018 ஏப்ரல் நடுவில் பனிமழை வந்து தெற்கு ஒன்ராறியோவையே உறைய வைத்தது. வசந்தம் பிறந்து நாலு கிழமைக்குப் பிறகு வந்த கூத்து அது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். எதிர்வுகூறலில் எதைப் பார்ப்பது?

பலர் பார்ப்பது வெப்பநிலையை. 'காலை ஆறு மணிக்கு பிளஸ் 2, ஐஸ் இராது' என்று நினைத்து இறங்கினால் இடுப்பு உடையும். அறிவிக்கிற வெப்பநிலை ஆள் உயரத்துக்குக் கிட்ட அளக்கிற காற்றின் வெப்பநிலை. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவில் நிலம் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்து போகும். காற்று பிளஸ் 2 என்றாலும் தார் மைனஸில் நிற்கும். பகலில் றோட்டோரப் பனிக்குவியல் உருகிப் பாதைக்குக் குறுக்கே வழிந்த தண்ணீர், விடிய அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸாகப் படுத்திருக்கும். டிரைவ்வே வாசல், பனி தள்ளிக் குவித்த மூலை, கூரைத் தண்ணீர்க் குழாய் நடைபாதையில் முடிகிற இடம், இந்த மூன்றும்தான் ஆளை விழுத்துகிற இடங்கள். பள்ளத்தாக்குப் பாதையில் மரப்பாலங்கள். பாலத்துக்கு அடியிலும் காற்று ஓடுவதால் அது தரையைவிட முந்தி உறையும்.

ஆகவே மார்ச்சில் பார்க்க வேண்டியவை மூன்று: முதல்நாள் பகல் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் போய் உருகியதா, இரவில் முகில் இருக்கிறதா, காற்று எவ்வளவு. உருகல், தெளிவான வானம், காற்று மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் கீழ், இந்த மூன்றும் சேர்ந்தால் வெள்ளன ஓட்டம் வேண்டாம். அன்று ரெம்போவை மதிய இடைவேளைக்கோ பின்னேரத்துக்கோ தள்ளுவது, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த இலகு ஓட்டத்தை உப்புப் போட்ட பெரிய றோட்டு நடைபாதையில் மெதுவாக முடிப்பது.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. காற்று அடிக்கிற இரவில் நிலம் அந்தளவுக்குக் குளிராது, ஈரமும் காய்ந்துவிடும். அதனால் பலத்த காற்றும் கறுப்பு ஐஸும் ஒரே விடியலில் வருவது குறைவு. ஒன்று வந்தால் மற்றது பெரும்பாலும் இல்லை. பாதையைத் தெரிவதற்கு இது போதும். அமைதியான விடியல் என்றால் போர்ட் யூனியன் ஏரிக்கரை: வெளியான இடம், வெயில் வந்ததும் முதலில் காய்வது அதுதான். காற்று என்றால் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கு, மோர்னிங்சைட் பூங்காவிலிருந்து கீழே. இரண்டு பக்கமும் மேடு, மரம். மேலே 35 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும்போதும் கீழே ரெம்போ ஓடலாம். ஆனால் பள்ளத்தாக்குக்கு ஏப்ரல் வரவேண்டும். மார்ச்சில் நிழலில் மிதிபட்டு இறுகிய பனி அங்கே கடைசிவரை கரையாது. கடும் மழைக்கு அடுத்தநாளும் அங்கே போகக் கூடாது. சுற்றிவர எல்லாம் கொங்கிறீற் என்பதால் மழைத்தண்ணீர் முழுவதும் நேரே பள்ளத்தாக்கில் ஓடுகிற கிறீக்குக்குத்தான் (ஓடை) வரும். தண்ணீர் ஏறுகிற வேகம் பயங்கரம்.

ஏரிக்கரைக்கு இன்னொரு கணக்கு. ஏப்ரலில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் இன்னும் நாலைந்து பாகையில்தான் கிடக்கும். கிழக்குக் காற்றென்றால் உள்ளே மார்க்கம் பக்கம் 17 பாகை காட்டுகிற நாளில் கரையில் 8 தான். கைத்தொலைபேசியில் ஊரின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு அரைக் காற்சட்டையோடு கரைக்கு இறங்குகிறவர்களை ஒவ்வொரு வருடமும் காணலாம். பாகை 5, காற்று 30 என்றால் உடம்புக்கு உறைப்பது பூச்சியம். பாகை 0, காற்று 30 என்றால் மைனஸ் 6. உடுப்பை இந்த எண்ணுக்குத்தான் தெரிய வேண்டும். ஐஸ் கட்டுமா என்பதற்கு மட்டும் இந்த எண் உதவாது, பிளஸ் 2 பாகையில் எந்தக் காற்றும் தண்ணீரை உறைய வைக்காது.

காற்று நாளில் ரெம்போவுக்கு மணிக்கூட்டு வேகத்தைப் பார்ப்பதும் பயனில்லை. எதிர்க்காற்றில் இழந்த நேரத்தில் பாதியளவைத்தான் பின்காற்று திருப்பித் தரும், ஆகவே போய்வந்த சராசரி எப்படியும் மோசமாகத்தான் வரும். மூச்சையும் இதயத் துடிப்பையும் வைத்து ஓடுங்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. மாற்றி ஓடினால் வியர்த்த முதுகோடு கடைசி மூன்று கிலோமீற்றரும் விறைக்கும்.

இப்போது ஸ்க்ரூச் சப்பாத்து, அதாவது ஐஸில் வழுக்காமல் அடியில் ஸ்க்ரூ திருகிய சப்பாத்து. மார்ச்சுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது என்பது என் கட்சி. றப்பரில் இழுத்து மாட்டுகிற ஸ்பைக்குகள் முழுப் பனிக்கு நல்லவை. இங்கே வசந்தத்தில் நூறு மீற்றர் ஐஸ், ஐந்நூறு மீற்றர் வெறும் தார். தாரில் அவை கணுக்காலைத் திருப்பும், சங்கிலி அறும். அதற்குப் பதில் ஓய்வு பெறவிருக்கிற பழைய சப்பாத்தை எடுங்கள். ஹார்ட்வெயார் கடையில் 8 ஆம் இலக்க ஷீட் மெற்றல் ஸ்க்ரூ, அறுகோணத் தலை, நீளம் 3/8 அங்குலம். தலையில் பிளவு வெட்டியிருப்பது இன்னும் நல்லது, அந்த விளிம்புதான் ஐஸைக் கடிக்கும். நட்சத்திரப் பிளவு போட்ட உருண்டைத் தலை வேண்டாம், அது வழுக்கும். கால் அங்குல நட் டிரைவரால் நேரே திருகினால் போதும், முன்கூட்டித் துளைபோட வேண்டாம். துளை போட்டால் பிடி தளரும்.

எங்கே திருகுவது என்பதில்தான் பிழைவிடுவார்கள். வெளியடி றப்பர் தடித்த கட்டிகளில் மட்டும். வெறும் நுரையில் திருகினால் இரண்டாவது ஓட்டத்திலேயே உதிரும். முன்பாதத்தின் இரு விளிம்பிலும் சேர்த்து ஏழு எட்டு, குதியைச் சுற்றி நாலு. பெருவிரல் மொழிக்கு நேர் கீழே ஒன்றும் வேண்டாம். பாரம் முழுக்க விழுகிற இடம் அது, ஸ்க்ரூ குத்துவது சொக்ஸ் வழியாகவே தெரியும். 3/8 அங்குலம் என்பது ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீற்றர். திருகி முடித்து உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். காபன் தகடு போட்ட சப்பாத்தில் இந்த வேலை பார்க்காதீர்கள். தாரில் ஓடித் தலை தேய்ந்தால் கழற்றிப் புதிது போட வேண்டியதுதான், பெட்டி சில டொலர்தான் வரும்.

ஒரே எச்சரிக்கை: வீட்டு மரத்தரை. ஒரு கோடு விழுந்தால் அந்தக் கிழமைக்கான அனுமதி முழுக்க இரத்து. கராஜில் பாயில் வைத்து அங்கேயே போட்டு அங்கேயே கழற்றுங்கள். ஓடுபதித்த தரையில் ஈர ஸ்க்ரூ ஐஸைவிட மோசமாக வழுக்கும்.

சனிக்கிழமை. தமிழ் வகுப்பு இரண்டரை மணித்தியாலம், ஒன்பதிலிருந்து பதினொன்றரை. இறக்கிவிட்டு வாகனம் நிறுத்திச் சப்பாத்துக் கட்ட 15 நிமிடம், முடிவில் உடுப்பு மாற்ற 20 நிமிடம். மிஞ்சுவது ஒரு மணி 55 நிமிடம். கிலோமீற்றருக்கு 6:20 என்றால் 18 கிலோமீற்றர் வரை பொருந்தும். அரை மரதனுக்கு இது தாராளம். முழு மரதன்காரர்களுக்குப் பத்தாது. அவர்கள் பிள்ளைகள் எழும்பமுன் 8 ஓடிவிட்டு வகுப்பு நேரத்தில் 18 ஓடலாம். இடைவெளி இரண்டு மணித்தியாலத்துக்குள் இருந்தால் கால்கள் அதை ஒரே ஓட்டமாகத்தான் எடுக்கும். இடையில் பாணும் ஜாமும்.

வகுப்பு நேரத்து ஓட்டத்தின் பெரிய இலாபம், வீட்டுக்கு அது செலவே இல்லை. ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம் காணாமல் போகிற ஆளைவிட, எப்படியும் காரில் குந்தியிருக்கப்போகிற நேரத்தில் ஓடுகிற ஆளுக்கு மரியாதை கூட. இன்னொன்று, சனி இரவு மண்டப விழாக்கள். அழைப்பிதழில் ஆறு மணி, சாப்பாடு பத்தரைக்கு. மட்டன் ரோல்ஸும் கொத்தும் வயிற்றில் இருக்க ஞாயிறு விடிய 16 கிலோமீற்றர் என்பது நடக்காத காரியம். நீண்டது சனி காலையே முடிந்துவிட்டால் இரவில் இரண்டாம் தரமும் பரிமாறச் சொல்லலாம்.

இதற்குக் காரில் ஒரு பை நிரந்தரமாக இருக்க வேண்டும்: துவாய், முழு மாற்றுடுப்பு, இருக்கைக்குப் பிளாஸ்ரிக் விரிப்பு, சுடுதேத்தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சப்பாத்து. பிளஸ் 3 பாகை, மழை, காற்று 30. ஜனவரி மைனஸ் 10 ஐவிடக் கொடுமையான சேர்க்கை இதுதான், ஏனென்றால் நனைகிறோம். 2018 பொஸ்ரன் மரதன் இப்படியான நாளில்தான் நடந்தது. பெண்கள் பிரிவில் அமெரிக்காவின் டெசிரே லின்டன் 2:39:54 இல் வென்றார், முன்னணி வீரர்கள் பலர் பாதியில் நின்றார்கள். அந்த நாட்களில் மெரினோ கம்பளி உள்ளாடை, மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு, தலைக்கு விளிம்பு வைத்த தொப்பி. கைக்கு முதலில் மருத்துவ நைட்ரைல் கையுறை, அதன் மேல் கம்பளிக் கையுறை. நைட்ரைலுக்குள் கை வியர்க்கும், ஆனால் மழைத் தண்ணீர் தோலில் படாது, சூடு நிற்கும். இது சும்மா சொகுசுக்கு இல்லை. விறைத்த பெருவிரலால் பிள்ளையின் கார் இருக்கையில் அந்தச் சிவப்புப் பொத்தானை அமத்த முடியாது. பின்னால் நிற்கிற கார்கள் ஹோன் அடிக்க, மழையில் குனிந்து நின்று முழங்கையால் அமத்திப் பார்க்க வேண்டி வரும்.

நேரமாற்றத்தையும் கணக்கில் எடுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூடு முன்னே போனதும் சூரிய உதயம் திரும்ப 7.40 அளவுக்குப் போய்விடும். ஓடுகிறவனுக்கு இருட்டு, ஆனால் பிள்ளைகளின் உடம்பு பழைய நேரத்திலேயே இருப்பதால் ஒரு கிழமை போல பிந்தி எழும்புவார்கள். அந்த அமைதியான காலைகளை நெற்றி விளக்கோடு பாவித்துவிடுங்கள். அதற்குக் கிட்ட மார்ச் விடுமுறை வரும், அந்தக் கிழமைக்கு மூன்று ஓட்டம்தான் என்று முதலே எழுதிவிடுவது நல்லது. ஏப்ரல் நடுவில் உதயம் 6.40 க்குக் கிட்ட வந்துவிடும், விளக்கைக் கழற்றலாம்.

பந்தயத்துக்கு முன்னம் இன்னும் மிஞ்சியிருப்பது இறக்கப் பயிற்சி. பந்தயப் பாதை வடக்கிலிருந்து ஏரியை நோக்கி இறங்குவது, நேரம் நன்றாக வரும், தொடைத் தசைகளுக்குத்தான் அடி. பள்ளத்தாக்கிலிருந்து மேலே வருகிற மேட்டில் ஏற்றத்தை நடந்து, இறக்கத்தைப் பந்தய வேகத்தில் ஆறு தரம், பந்தயத்துக்குப் பத்து நாளுக்கு முன் கடைசித் தடவை. அதற்குப் பிறகு செய்தால் நோவு மாறாது.

வெயில்தான் தெரியாத பக்கம். மே முதல் கிழமை 4 பாகையும் வரலாம், 25 உம் வரலாம். உடம்பு சூட்டுக்குப் பழக இரண்டு கிழமை தேவை, அதற்கு வசந்தம் இடம் தராது. 18 க்கு மேல் என்றால் கிலோமீற்றருக்கு 10 செக்கன் மெதுவாகத் தொடங்குவதாக இருக்கிறேன்.

இடையில் ஜோகிங் ஸ்ரோலர் (பிள்ளையை இருத்தித் தள்ளிக்கொண்டு ஓடுகிற வண்டி) ஒன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பழையது, விலை நல்லது. முன்சில்லைப் பூட்ட முடியுமா, கைப்பிடியில் மணிக்கட்டுப் பட்டி இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியவை. முன்சில்லு சுழலுகிறது என்றால் அது கடைக்குப் போகத்தான், ஓட இல்லை. மழைமூடி தனியாக வாங்க வேண்டுமாம், அதன் விலையைக் கேட்டால் ஸ்ரோலரையே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. இலையுதிர்கால ஓட்டத்துக்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதற்கு முதல் கராஜில் கிடக்கிற சப்பாத்திலிருந்து ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். இந்த ஏப்ரலை நம்பி இன்னும் கழற்றவில்லை.