‘மெத்தர் ஆன் சென்’ என்றால் இயக்குநர்தானா? திரைப்படக் கோட்பாட்டுத் தாளுக்குப் படித்த அனுபவம்

முதுகலை முதல் செமஸ்டரில் திரைப்படக் கோட்பாட்டுத் தாள். 15 மதிப்பெண் கேள்வி ஒன்று: ‘ஆட்டர்’, ‘மெத்தர் ஆன் சென்’ இரண்டையும் வேறுபடுத்துக. ஆங்கிலத்தில் புழங்கும் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள். முதல் சொல்லுக்கு ஆசிரியர் என்று பொருள். இரண்டாவது சொல்லுக்கு அகராதியில் ‘மேடை அல்லது திரைப்பட இயக்குநர்’ என்று பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். ஆட்டர் சினிமாவுக்கு, மற்றது பெரும்பாலும் மேடைக்கு என்று நான்கு பக்கம் எழுதினேன். 5 மதிப்பெண்தான் வந்தது.

விடைத்தாளோடு மேடத்திடம் போய் நின்றேன். “அகராதியில அப்படித்தானே மேடம் போட்டிருக்கு?” என்றேன். “அகராதி சரிதாம்மா. ஆனா அந்தச் சொல்லை யாரு, யாரைப் பார்த்துச் சொன்னாங்கன்னு தேடிப் பாரு. அங்க அது பதவிப் பேர் இல்ல, ஒரு திட்டு” என்றார்.

அன்றிலிருந்து நான் படித்த முறையே மாறியது. இந்தத் தாளுக்கோ, மக்கள் தொடர்பியலில் நெட் என்ற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுக்கோ தயாராகிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பிரெஞ்சில் ‘மெத்ர்’ என்றால் வை, போடு. ‘மெத்தர்’ என்பவர் போடுபவர். ‘ஆன் சென்’ என்றால் மேடையில். ஆக, மேடையில் போடுபவர். இதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாமும் ‘நாடகம் போட்டோம்’ என்றுதானே சொல்கிறோம்? அதற்குப் பிறகு இந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. ‘மீஸ் ஆன் சென்’ என்று பாடத்தில் ஓயாமல் வருவதும் இதே வேர்தான், மேடையில் போடுதல். அரங்கின் அமைப்பு, உடையும் ஒப்பனையும், ஒளி, நடிகரின் நிலையும் அசைவும் என்று கேமராவுக்கு முன்னால் இருப்பதெல்லாம் அதில் அடங்கும்.

அடுத்து, இந்தச் சொல்லுக்கு நாடக மேடையில் இருந்த மரியாதை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஒத்திகையை நடத்தியவர் நாடகாசிரியராகவோ, குழுவை நடத்திய தலைமை நடிகராகவோ இருந்தார். அதற்கென்று தனிக் கலைஞர் என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. பிரான்சில் அதை நிலைநிறுத்தியவர் ஆந்த்ரே அந்த்துவான். பாரிஸில் எரிவாயு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர், 1887இல் ‘தேயாத்ர் லீப்ர்’ என்ற அரங்கைத் தொடங்கினார். மறு ஆண்டு இறைச்சிக்கடைக் காட்சி ஒன்றுக்கு நிஜ மாட்டிறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார். 1903இல் எழுதிய கட்டுரையில் இந்த வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்: அரங்கு, பொருட்கள் என்று கண்ணுக்குத் தெரிவது ஒன்று, பாத்திரத்தைப் பொருள்கொள்வது, உரையாடலின் ஓட்டம் என்று கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. விடையில் இந்த ஒரு வரியை எழுதினாலே, சொல்லின் வரலாறு தெரிந்து எழுதுகிறோம் என்று திருத்துபவருக்குப் புரிந்துவிடும்.

சரி, மரியாதையான சொல் திட்டானது எப்படி? 1954 ஜனவரி, ‘கயே து சினெமா’ என்ற பிரெஞ்சுத் திரைப்பட இதழ். 22 வயதுகூட நிரம்பாத விமர்சகர் பிரான்சுவா த்ரூஃபோ ஒரு கட்டுரை எழுதுகிறார். அன்றைய பிரெஞ்சுப் படங்களில் திரைக்கதை ஆசிரியர்களின் கை ஓங்கியிருந்தது. ழான் ஒரான்ஷ், பியர் போஸ்ட் என்ற இருவரை அவர் குறிவைக்கிறார். அவர்கள் திரைக்கதையைக் கொடுத்துவிட்டால் படம் முடிந்துவிட்டது. மெத்தர் ஆன் சென் அதற்குப் படம் சேர்த்துக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான் என்று அவர்கள் நினைப்பதாகச் சாடுகிறார். எதிர்ப்பக்கத்தில் ரெனுவார், பிரெஸ்ஸோன், தாத்தி போன்ற இயக்குநர்களை ஆட்டர், அதாவது தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் என்று நிறுத்துகிறார். நான் பரீட்சையில் தவறவிட்டது இதைத்தான்.

இந்தச் சண்டையைக் கதையாகப் படித்தால் ஆண்டுகள் தானாக நிற்கும். கேமராவே பேனா என்று பிரெஞ்சு விமர்சகர் அஸ்த்ருக் சொன்னது 1948. த்ரூஃபோ 1954. தன் இதழ்ப் பிள்ளைகள் எல்லை மீறுகிறார்கள் என்று ‘கயே’ ஆசிரியர்களில் ஒருவரான ஆந்த்ரே பஸான் பொறுமையாகக் கண்டித்தது 1957. விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் இந்த ஆட்டர் கோட்பாட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், தொழில்நுட்பத் திறன், தனி நடை, உள்ளார்ந்த பொருள் என்று மூன்று வட்டம் போட்டது 1962. இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் அவரைப் பிடித்து வறுத்தெடுத்தது 1963. நெட் தேர்வின் பொருத்துக வகைக் கேள்விகளுக்கு இந்த வரிசை நன்றாகக் கைகொடுக்கும். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பதில்லை என்பதால் எதையும் விடாமல் குறியுங்கள்.

விரிவாக எழுத வேண்டிய விடைக்குப் பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் பீட்டர் வோலனிடம் போங்கள். 1969இல் அவர் எழுதிய நூலில், மெத்தர் ஆன் சென் ஏற்கெனவே உள்ள ஒரு பிரதியைச் சினிமாவின் மொழிக்கு மாற்றுபவர் என்கிறார். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பது போல. இதில் எனக்கு உடன்பாடில்லை. கீர்த்தனை தியாகராஜருடையது என்பதற்காகப் பாடுபவரை வெறும் ‘நிறைவேற்றுபவர்’ என்று நாம் ஒதுக்கிவிடுவோமா? பாடுபவரைக் கேட்கத்தானே போகிறோம்? அடுத்த முறை விடையில் இதையே ஒரு பத்தியாக எழுதினேன். மேடம் ஓரத்தில் கோடு போட்டு ‘நன்று’ என்று எழுதியிருந்தார். கோட்பாட்டைச் சரியாகச் சொல்லிவிட்டு மறுக்கத் தயங்காதீர்கள்.

அப்புறம், ஒரு காட்சியையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நான் எடுத்துக்கொண்டது 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் சிறுவனை வீட்டைவிட்டு அனுப்பும் காட்சி. வெளியே பனியில் சிறுவன் விளையாடுகிறான். கேமரா ஜன்னல் வழியாகப் பின்வாங்கி, அறையைக் கடந்து மேசைக்கு வருகிறது. முன்னால் தாயும் வங்கிக்காரரும் காகிதங்களோடு உட்கார்ந்திருக்க, நடுவில் தகப்பன் முணுமுணுத்துக்கொண்டு நிற்க, தூரத்து ஜன்னல் சட்டத்துக்குள் பையன் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறான். அவன் வாழ்க்கை இங்கே கைமாறுவது அவனுக்குத் தெரியாது. நோட்டில் நான்கு கோடு கிழித்து யார் எங்கே என்று வரைந்தேன். ஜன்னல் பெட்டிக்குள் பையனை ஒரு புள்ளியாக வைத்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. ‘மேடையில் போடுதல்’ என்றால் என்ன என்று அந்தப் புள்ளிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இன்னொரு பொறி, ‘ரெஜிஸர்’. இதுவும் பிரெஞ்சுதான். ஜெர்மனிலும் ரஷ்ய மொழியிலும் இதுவே இயக்குநர். பிரெஞ்சு நாடகத்திலோ மேடை நிர்வாகி. ஆங்கிலத்தில் பெரும்பாலும் பாலே குழுக்களில், நடனங்களை ஒத்திகை பார்த்து மேடையேற்றிக் காப்பவருக்கு வழங்குகிறது. பாலே ரூஸ் என்ற ரஷ்ய பாலே குழுவில் 1909 முதல் 1929 வரை இந்தப் பொறுப்பில் இருந்தவர் செர்கே கிரிகோரியெவ். மொழியைக் கவனிக்காமல் பொருள் எழுதினால் இதில் மாட்டிக்கொள்வோம்.

தமிழில் விடை எழுதுகிறவர்கள் ‘இயக்குநர்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். இலங்கைத் தமிழ் நாடகத்துறையில் ‘நெறியாளர்’, ‘நெறியாள்கை’ என்கிறார்கள். நான் மெத்தர் ஆன் சென்னுக்கு ‘நெறியாளர்’, ஆட்டருக்குப் ‘படைப்பாசிரியர்’ என்று முதல் பத்தியிலேயே வரையறுத்துவிட்டு, கடைசி வரை அதையே மாற்றாமல் எழுதினேன்.