ஆண்குறி இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா: என் நாட்குறிப்பு

மார்ச் 3, 2024, ஞாயிறு

பதினாறு மாதமாக வீட்டில் யாரிடமும் வாய் திறக்காமல் வைத்திருந்ததை இன்று எழுத ஆரம்பிக்கிறேன். எனக்கு வயது 56. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது.

2022 நவம்பரில் ஒரு விடியற்காலை விறைப்போடு வலியும் வந்து எழுப்பிவிட்டது. தடவிப் பார்த்தேன். ஆண்குறியின் மேல்பக்கம், நடுவில், தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தடிப்பு. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பயத்தில் உடனே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். அதே பயத்தால்தான் நான்கு மாதம் ஓடவில்லை.

வலி எட்டு மாதத்தில் தானாக அடங்கியது. ஆனால் அதற்குள் வளைவு வந்துவிட்டது, மேல்நோக்கி, கொஞ்சம் இடப்பக்கமாக. விறைப்பும் பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது. மாத்திரை போட்டால் கொஞ்ச நாள் சமாளிக்க முடிந்தது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

வருகிற வியாழன் யூராலஜி டாக்டரிடம் போகிறேன். விறைத்த நிலையில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு எடுத்தேன். பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்து ஜியாமெட்ரி பெட்டி அலமாரியில் கிடந்தது. அதிலிருந்த பாகைமானியைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். 40 டிகிரி. வைத்த கை நடுங்கியது.

மார்ச் 7, வியாழன்

டாக்டர் முதலில் கேட்டது வேறு எதையோ. "ரெண்டு கையையும் மேஜை மேல கவிழ்த்து வைங்க" என்றார். வைத்தேன். இடது மோதிர விரல் மேஜையோடு படியவில்லை. அது இரண்டு மூன்று வருடமாகவே அப்படித்தான் இருக்கிறது. வயதானால் விரல் மடங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். உள்ளங்கையைத் திருப்பி, விரலின் அடியில் கயிறு மாதிரி ஓடிய தடிப்பை அழுத்திக் காட்டினார். டுபுய்ட்ரென் என்று அதற்குப் பெயராம். கையிலும் ஆண்குறியிலும் ஒரே மாதிரி தழும்பு, சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும் என்றார்.

எனக்கு இருப்பது பெய்ரோனி நோய். பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவராக இருந்த பெய்ரோனி 1743ல் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். இது புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை. ஆண்குறிக்குள் ரத்தம் நிறையும் இரண்டு தண்டுகளைச் சுற்றி நீண்டு கொடுக்கும் ஓர் உறை இருக்கிறது. அந்த உறையில் தழும்பு விழுந்தால் அந்த இடம் மட்டும் நீளாது. துணியில் ஒரு பக்க நூலை மட்டும் இழுத்தால் துணி அந்தப் பக்கமாகச் சுருங்கி வளையும் அல்லவா, அதுபோலத்தான். கவனிக்காமலே போய்விடும் சின்னச் சின்ன அடிகளால் இந்தத் தழும்பு வரலாம், சர்க்கரை இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்றார்.

எட்டு மாதத்துக்கு மேலாக வலியும் இல்லை, வளைவும் கூடவில்லை என்றதும் தலையாட்டினார். வலியோடு மாறிக்கொண்டே இருக்கும் கட்டத்தில் ஆபரேஷன் செய்வதில்லையாம். குறைந்தது மூன்று மாதமாவது அப்படியே நிலைத்து நிற்க வேண்டும். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.

மார்ச் 16, சனி

இன்று டாப்ளர் ஸ்கேன். விறைப்பு வரவைக்கும் மருந்தை நேரடியாக அங்கேயே ஊசியாகப் போட்டுவிட்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். ஊசி மெல்லியது, நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் நேரம் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கவலையே வரவில்லை. ஊசி போட்டும் முக்கால்வாசிதான் எழுந்தது.

வளைவு 62 டிகிரி. வீட்டில் நான் அளந்த 40 தப்பு. பாதி விறைப்பில் எடுத்த போட்டோவில் முழு வளைவு தெரியாது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "ரத்தம் உள்ள வர்றதும் போதல. வந்தது நிக்கவும் மாட்டேங்குது."

பிறகு ஒவ்வொரு வழியாக எடுத்துச் சொன்னார். தழும்பைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013ல் அனுமதி கிடைத்தது. அது விறைப்பு ஓரளவு சரியாக இருக்கிறவர்களுக்கு. வளைவுக்கு எதிர்ப்பக்கத்தில் தையல் போட்டு நேராக்கலாம், ஆனால் கொஞ்சம் நீளம் குறையும், விறைப்பு நன்றாக இருந்தால்தான் பயன். தழும்பை வெட்டி ஒட்டுப் போடலாம், என் மாதிரி ஆளுக்கு அது இருக்கிற விறைப்பையும் கெடுத்துவிடலாம். வளைவு, மாத்திரைக்கும் ஊசிக்கும் சரிவர மசியாத விறைப்புக் குறைபாடு, இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகத் தீர்ப்பது, உள்ளே பொருத்தி விறைப்பைத் தரும் கருவியான இம்ப்ளான்ட்தான். அதைச் சொல்லிவிட்டு, "அவசரமே இல்ல. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டம்மாவுக்கு இது எதுவுமே தெரியாது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னேன். வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்காது. நோயின் பெயர், ஸ்கேன், ஊசி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "இப்பவும் வலிக்குதாங்க?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வருஷமா நீங்க வேணும்னே நேரங்கழிச்சுப் படுக்க வர்றது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றாள். அவள் தூங்கிவிட்டாள் என்று உறுதியான பிறகுதான் அறைக்குள் போவேன். அந்த நேரமெல்லாம் அவள் கண்ணை மூடி விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். காரணம் கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்ற பயத்தில் கேட்காமலே இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இருவரும் போனோம். டாக்டர் இழுப்பறையிலிருந்து மாதிரி இம்ப்ளான்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

சுண்டு விரல் தடிமனில் நீளமான இரண்டு உருளைகள், வழுவழுவென்று. அவற்றிலிருந்து மெல்லிய குழாய்கள் ஒரு சின்ன பம்புக்கு வருகின்றன. இன்னொரு குழாய் உப்புநீர் நிரம்பிய ஒரு பைக்குப் போகிறது. உருளைகள் ஆண்குறிக்குள், பம்ப் விதைப்பைக்குள், பை அடிவயிற்றுக்குள். வெளியே எதுவும் தெரியாது. பம்பை அழுத்த அழுத்தப் பையிலிருக்கும் நீர் உருளைகளுக்குள் ஏறுகிறது. முடிந்ததும் பம்பிலுள்ள இன்னொரு இடத்தை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பிவிடுகிறது. நீரேற்றும் வகையை 1973ல் அமெரிக்காவில் ஸ்காட் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் அறிமுகப்படுத்தினார்களாம். பம்ப் இல்லாமல், கையால் வளைத்து நிமிர்த்தும் வகையும் உண்டு. அதில் பழுதாக அதிகம் இல்லை, ஆனால் எப்போதும் ஒரே விறைப்பில் இருக்கும்.

அழுத்திப் பாருங்கள் என்றார். வலது கையால் அழுத்தினேன். மூன்றாவது நான்காவது அழுத்தில் உருளைகள் நிமிர ஆரம்பித்தன, பத்துப் பன்னிரண்டில் கெட்டியாகிவிட்டன. இடது கையால் முயன்றேன். மடங்கிய விரல் இடறி பம்ப் நழுவி நழுவிப் போனது. மேஜையில் இருக்கும்போதே நழுவுகிறதே, தோலுக்குள் இருந்தால் என்ன செய்வேன் என்று மனது சுருங்கிவிட்டது. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நிதானமாக அழுத்தி ஏற்றினாள், இறக்குகிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறக்கினாள். டாக்டர் இயல்பாகச் சொன்னார், "நிறைய வீட்ல அவங்கதான் பண்றாங்க."

நான் கேட்க நினைத்து வெட்கப்பட்டதையெல்லாம் அவள்தான் கேட்டாள். உணர்ச்சி போய்விடுமா? தொடு உணர்ச்சியும் உச்சமும் விந்து வெளியேறுவதும் பெரும்பாலும் முன்பு இருந்த மாதிரியே இருக்கும். முனைப்பகுதி மட்டும் முன்போல் புடைக்காது. ஆசையை இது கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. எத்தனை வருடம் வரும்? பத்து வருடம் கழித்தும் பெரும்பாலோருக்கு வேலை செய்கிறது, பழுதானால் மாற்ற இன்னொரு ஆபரேஷன். வளைவு? உருளைகளை ஏற்றினாலே ஓரளவு நேராகும். மீதி இருந்தால், மயக்கத்தில் இருக்கும்போதே வளைவுக்கு எதிர்ப்பக்கமாகக் கையால் ஒன்றரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தழும்பை விரியவைப்பார்கள். 1994ல் எழுதப்பட்ட முறை, இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறதாம்.

கிருமி தொற்றினால்? அந்தக் கேள்விக்குத்தான் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மருந்து பூசிய இம்ப்ளான்ட் வந்த பிறகு நூற்றில் ஒன்று முதல் மூன்று பேர் என்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் அந்த ஆபத்து கூடும். தொற்றினால் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். என் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.9. "எட்டுக்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் தேதி பேசலாம்" என்றார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மனதில் ஒரே ஒரு வரிதான் ஓடுகிறது: இது வைத்தால் திரும்பிப் போக முடியாது. உருளைகளுக்கு இடம் செய்ய உள்ளே இருக்கும் திசுவை விரித்து ஒதுக்குகிறார்கள். அதற்குப் பிறகு இயல்பான விறைப்பு இல்லை. இம்ப்ளான்டை எடுத்துவிட்டாலும் மாத்திரை வேலை செய்யாது.

நாற்பது நாளில் குணம் என்று சொல்கிற விளம்பரங்களை மறுபடியும் தேடிப் பார்த்தேன். தழும்பு எதனால் ஆனது என்றுகூட அவற்றில் எழுதியிருக்கவில்லை. நம் பயத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நான்கு மாதம் டாக்டரிடம் போகாமல் இருந்தபோது இப்படி ஒன்றுக்கு நானும் பணம் கட்டினேன்.

ஏப்ரல் 20, சனி

நீளத்தைப் பற்றிப் பேசினோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னைப் போல யோசிக்கிற எவனும் இதைத்தான் முதலில் நினைப்பான்.

டாக்டர் தளர்ந்த நிலையில் மெல்ல இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்து அளந்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். இதுக்கு மேல நான் வாக்கு தரமாட்டேன்" என்று அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குறைவு. இந்த நோயே நீளத்தைக் குறைக்கிறது, அந்த நீளம் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது முப்பது வயதில் இருந்த உடம்போடு. தாளில் இருந்தது இன்றைய உடம்பு. ஆபரேஷனால் எதையோ இழக்கப்போகிறேன் என்று இத்தனை நாள் பயந்தேனே, அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு வைத்துக்கொண்ட ஒருவரோடு, அவர் சம்மதத்தின் பேரில், டாக்டர் போனில் பேச வைத்தார். முதல் இரண்டு வாரம் விதைப்பை வீங்கி உட்காரவே முடியவில்லை என்றார். ஆறு வாரம் கழித்துத்தான் உறவு. பம்பைத் தோலுக்கு மேல் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனதாம். "வருத்தம் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "சீக்கிரம் பண்ணிக்கலயேன்னுதான் வருத்தம் தம்பி. ஆனா எங்க வீட்டுக்காரிக்குப் பழகக் கொஞ்ச நாளாச்சு" என்றார். அவர் ஒளிக்காமல் சொன்னதால் மற்றதையும் நம்பினேன்.

மே 11, சனி

அவள் இன்று நேராகச் சொன்னாள்: "எனக்காகன்னா வேண்டாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டுத்தான் என்கூட இருக்கணும்னு இல்ல." வேண்டாம் என்றால் இந்த விஷயமே இல்லாமல் அருகருகே இருக்கலாம், கையும் வாயும் போதும், அதுவும் உறவுதான் என்றாள்.

மத்தியானம் முழுவதும் யோசித்தேன். அவள் சொன்னது சரிதான். இந்த இரண்டு மாதத்தில் நாங்கள் அப்படித்தான் மறுபடி நெருங்கியிருக்கிறோம். நேரங்கழித்துப் படுக்கப் போவதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் எனக்கு வேண்டும். அவளிடம் அதைச் சொன்னேன்: "உனக்காக இல்ல. எனக்கே வேணும்." ஆசைப்படுவதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

ரிசல்ட் வந்தது. 7.2.

டாக்டர் ஜூலை 10ஐத் தேதியாகக் கொடுத்தார். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். உடம்பில் எங்கேயாவது கொப்புளமோ புண்ணோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், தேதியைத் தள்ளிவைப்பார்கள். வீட்டில் சவரம் செய்யக் கூடாது, கீறல் விழுந்தால் கிருமிக்கு வழி. சம்மதப் படிவத்தில், இயல்பான விறைப்பு இனி வராது என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டி, "இத படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். அவளும் படித்தாள். போட்டேன். முந்தின நாள் வரைக்கும் மனம் மாறினாலும் தயங்காமல் சொல்லலாம் என்றார்.

ஏப்ரலில் அந்த மாதிரி பம்ப் கையிலிருந்து நழுவியது மனதைவிட்டுப் போகவில்லை. அவள் ஒரு சின்ன ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் எண்ணுகிறாள். வலது கையில் இருபது. இடது கையில் இன்று நழுவாமல் பன்னிரண்டு.